கேரார்ட் 301 கைக்கு வந்ததும் பிளக்கைச் செருகாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இசைத்தட்டைச் சுழற்றும் பழைய மிஷினான கேரார்ட் 301 வாங்கியவர்கள் போன் செய்தால், "ஓடவிட்டுப் பார்க்காமல் அப்படியே கொண்டு வாருங்கள்" என்கிறோம். ஆசையாக வாங்கியதைத் தொடாதே என்றால் வருத்தமாகத்தான் இருக்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

இங்கிலாந்தின் ஸ்விண்டனில் 1950களின் நடுவிலிருந்து செய்யப்பட்ட டர்ன்டேபிள் இது. சில அமெரிக்காவுக்குப் போய், இப்போது நம் பக்கம் வருகின்றன. அங்கே 110 வோல்ட்டுக்கு இணைத்திருந்ததை நம் 230 வோல்ட்டில் செருகினால் மோட்டார் காயில் கருகிவிடும். உள்ளே இருக்கும் இணைப்புத் தகடுகளை மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதைச் செருகும் முன் செய்ய வேண்டும்.

அண்மையில் வந்த ஒருவருக்கு அதிர்ஷ்டம், விற்றவர் வோல்டேஜை மாற்றியே அனுப்பியிருந்தார். மோட்டார் பிழைத்தது. ஆனால் பாட்டு மட்டும் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இழுத்தது. ஊசி சரியில்லை என்று, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜையே புதிதாக வாங்கிவிட்டார் பாவம்! குற்றம் மோட்டார் தண்டில் இருக்கும் புல்லியில் இருந்தது. அது 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) மின்சாரத்துக்கான பித்தளைப் புல்லி. நம்முடையது 50 சைக்கிள். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் ஏறக்குறைய 28 சுற்றுதான் ஓடியது. புல்லியை மாற்றினோம், பாட்டு நேரானது. வேகத்தைச் சரிபார்க்கும் கோட்டு அட்டையில், வேகம் சரியென்றால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். ஆனால் எல்இடி விளக்கில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் கோடுகள் நிற்காது. நாங்கள் அதற்காகவே ஒரு பழைய குண்டு பல்பை வைத்திருக்கிறோம்.

அப்புறம் ஐட்லர். இந்த மிஷினில் பெல்ட் கிடையாது. புல்லிக்கும், இசைத்தட்டை வைக்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் உரசி ஓடும். வருடக்கணக்கில் ஓரிடத்தில் அழுந்திக் கிடந்த சக்கரத்தில் விரல் நகத்தை ஓட்டினால் ஒரு சின்னக் குழி தட்டுப்படும். அந்தக் குழிதான் மெல்லிசையின் இடையே 'டொக் டொக்' என்று கேட்கும். மோட்டார் ஸ்பிரிங்குகளில் தொங்குவதால், கூரியரில் உருண்டு வந்ததும் அவற்றையும் பார்க்க வேண்டும். சுழல்தட்டின் அச்சில் கிரீஸ் வகை, எண்ணெய் வகை என இரண்டு உண்டு. அடையாளம் தெரியாமல் தையல் மிஷின் எண்ணெய் விடாதீர்கள், தயவுசெய்து.

கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை (டோன்ஆர்ம்) இதோடு சேர்ந்து வராது. தனியாகத்தான் வாங்க வேண்டும். 1959இல் வெளிவந்த எஸ்எம்இ 3009, 3012 இரண்டையும்தான் அதிகம் கேட்கிறார்கள். முதலாவது 9 அங்குலம், மற்றது 12. எது உயர்ந்தது என்று எங்களைக் கேட்காதீர்கள். உங்களிடம் என்ன கார்ட்ரிட்ஜ் இருக்கிறது என்று சொல்லுங்கள். சுமார் 30 கிராம் எடையுள்ள ஆர்டோஃபோன் எஸ்பியு கார்ட்ரிட்ஜை எடை குறைந்த பிற்கால 3009இல் மாட்டினால், கையின் வாலில் இருக்கும் பின்எடை சமன் செய்யாது. மிருதுவான ஊசித்தண்டு உள்ள இலேசான கார்ட்ரிட்ஜை அதிலே மாட்டினால் அருமையாகப் பாடும். பின்எடையைத் தாங்கும் ரப்பர் தொய்ந்து வால் சரிந்திருக்கிறதா என்றும் பார்ப்போம். பழைய கைகளில் இது சகஜம், மாற்றிவிடலாம்.

மிஷினை உட்கார வைக்கும் மரப்பெட்டியையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். ஆணி அடித்த மெல்லிய பலகையில் உட்கார வைத்தால், மோட்டாரின் உறுமல் ஊசிவரை ஏறும்.

தாத்தா காலத்து 78 தட்டுகள் இருந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள். 301இல் 78 வேகம் உண்டு, ஆனால் எல்பி ஊசி அந்த அகலமான பள்ளத்தின் அடியில் போய் விழுந்து கரகரக்கும். அதற்கென்று 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும், எங்களிடம் இருக்கிறது. கொண்டு வரும் முன் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும்.

அன்புடன்,
கடையிலிருந்து