ஸ்டீவ் கெர்: வெறும் அதிர்ஷ்டம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வீரர்கள் பயிற்சியாளர்களாக மாறுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூடைப்பந்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் பயிற்சியாளர் ஸ்டீவ் கெரை, இலை போட்டுப் பரிமாறிய பிறகு வந்து உட்கார்ந்தவர் என்கிற மாதிரி நாலு வரியில் முடித்துவிட்டது மனசுக்கு ஒப்பவில்லை.

கட்டுரையாளர் சொல்வதில் பாதி சரி. 2014 மே மாதம் கெர் பொறுப்புக்கு வந்தபோது ஸ்டெஃபன் கர்ரி, கிளே தாம்சன், டிரேமண்ட் கிரீன் என்ற முன்னணி ஆட்டக்காரர்கள் மூவரும் அணியில் இருந்தார்கள். அதற்கு முந்தைய சீசனில் பழைய பயிற்சியாளர் மார்க் ஜாக்சனின் கீழ் 51 ஆட்டங்கள் ஜெயித்த அணி. கெருக்கோ பயிற்சியாளராக ஒரு நாள் வேலை பார்த்த அனுபவம்கூடக் கிடையாது. டி.வி.யில் வர்ணனை செய்துகொண்டிருந்தார். நடுவில் மூன்று வருடம் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் பொது மேலாளர். அப்படிப்பட்டவர் வந்த முதல் சீசனிலேயே 67 வெற்றி, 15 தோல்வி. 2015இல் கோப்பை. வாரியர்ஸுக்கு அது 40 வருடம் கழித்துக் கிடைத்த கோப்பை.

அதிர்ஷ்டம் மாதிரிதான் தெரியும். ஆனால் வீட்டில் இருந்தது அரிசியும் பருப்பும்தான், சாப்பாடு இல்லை. முந்தைய சீசனில் லீகிலேயே மிகக் குறைவாகப் பாஸ் செய்த அணி வாரியர்ஸ். கெர் ஒரு ஆட்டத்துக்கு 300 பாஸ் என்று இலக்கு வைத்தார். கர்ரி மாதிரி ஒருவர் கையில் பந்து இருக்கும்போது, அதை நாலு பேரிடம் சுற்றிவிட்டு வா என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அப்புறம் ஆந்த்ரே இகுடாலா. அதுவரை தான் ஆடிய ஒவ்வொரு என்.பி.ஏ. ஆட்டத்திலும் முதல் ஐவரில் ஒருவராகவே இறங்கியவர். அவரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். முகம் கோணாமல் அவர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், சொன்னவர் யார் என்பதுதான் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் கெர் பெஞ்சிலேயே வாழ்ந்தவர். 1988 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஐம்பதாவது ஆளாக எடுக்கப்பட்டார். 15 சீசன்கள், 910 ஆட்டங்கள். அதில் முதல் ஐவரில் ஒருவராக இறங்கியது வெறும் 30. சராசரி ஆட்டத்துக்கு 6 புள்ளி. வேகமில்லை, எம்பிக் குதிக்கவும் வராது. ஒன்றே ஒன்று வரும்: தூரத்திலிருந்து கூடைக்குள் போடுவது. மூன்று புள்ளி எறிதலில் அவருடைய 45.4 சதவீதம்தான் இன்றும் என்.பி.ஏ. வரலாற்றில் முதலிடம். முக்கால்வாசி நேரம் பெஞ்சில் உடம்பு ஆறிப்போய் இருந்துவிட்டு, திடீரென்று எழுந்து போய் அடித்த பந்துகள் அவை. கல்லூரி அணியில் மாற்று ஆட்டக்காரனாக இரண்டு வருடம் தண்ணீர் பாட்டில் தூக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது லேசான காரியம் இல்லை.

1995இல், அப்போது இவர் ஆடிய சிகாகோ புல்ஸ் அணியின் பயிற்சி முகாமில் மைக்கேல் ஜோர்டானோடு வாக்குவாதம் முற்றி, ஜோர்டான் இவரை அடித்தே விட்டார். இவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, எதிர்த்து நின்றார். அன்றிலிருந்துதான் ஜோர்டான் இவரை மதிக்க ஆரம்பித்தார். 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், எதிரணி யூட்டா ஜாஸ், ஸ்கோர் 86-86. டைம் அவுட்டில் ஜோர்டான் இவரிடம், ஜாஸ் ஆட்டக்காரர் ஸ்டாக்டன் என்னை மறிக்க வருவார், நீ தயாராக இரு என்கிறார். அதே மாதிரி ஸ்டாக்டன் வந்தார், பந்து கெரிடம் வந்தது, ஐந்து விநாடி மிச்சம் இருக்கும்போது உள்ளே போனது. பிறகு சிகாகோ வெற்றி விழா மேடையில், கடைசி ஷாட்டை எடுக்க ஜோர்டானுக்குத் தயக்கம், சரி, மறுபடியும் நான்தான் காப்பாற்ற வேண்டும் போல என்று நினைத்தேன் எனக் கெர் அளந்துவிட, ஊரே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதைக் கட்டுரை தொடவே இல்லை. கெர் பிறந்தது லெபனானின் பெய்ரூத்தில். அப்பா மால்கம் கெர் அங்குள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர். 1984 ஜனவரி 18 அன்று தன் அலுவலகத்துக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு வயது 18, அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். இரண்டே நாளில் ஆடுகளத்தில் இறங்கி ஆடினார். நாலு வருடம் கழித்து, அரிசோனா ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் எதிரணி ரசிகர்கள் சிலர் அந்தச் சாவைச் சொல்லியே கேலி செய்து கத்தினார்கள். அன்று முதல் பாதியிலேயே 20 புள்ளி எடுத்தார்.

மறுபடி பயிற்சியாளர் கதைக்கு வருகிறேன். 2015 இறுதித் தொடரில் 1-2 என்று பின்தங்கியிருந்தபோது, உயரமான போகட்டை உட்காரவைத்து இகுடாலாவை முதல் ஐவரில் இறக்கினார் கெர். தொடரே திரும்பியது. அந்த யோசனை என்னுடையது இல்லை, நிக் யூரென் என்ற இளம் உதவியாளர் சொன்னது என்று அன்றைக்கே நிருபர்களிடம் சொல்லிவிட்டார். (ஆட்டத்துக்கு முன் அதே நிருபர்களிடம் அணியில் மாற்றமில்லை என்று பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டார்!) அடுத்த சீசன் முதுகு அறுவைச் சிகிச்சையால் அவர் படுத்துவிட, முதல் 43 ஆட்டங்களை உதவியாளர் லூக் வால்டன் நடத்தினார். 39 வெற்றி. அந்த அணி 73 வெற்றி, 9 தோல்வியில் முடித்து உடைத்த 72-10 சாதனை, கெரே ஆடிய புல்ஸ் அணியுடையது.

எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்கவில்லை. 2018 பிப்ரவரியில் ஃபீனிக்ஸுக்கு எதிராக டைம் அவுட்களில், பயிற்சியாளர் ஆட்ட உத்தியை வரைந்து காட்டும் பலகையை ஆட்டக்காரர்கள் கையிலேயே கொடுத்தார். 46 புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. எதிரணிக்கு அது அவமரியாதை என்று சிலர் குறைபட்டார்கள், எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் பட்டது. கர்ரிக்குக் கை முறிந்த 2019-20 சீசனில் 15-50 என்று லீகிலேயே கடைசி. ஆள் இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியாளராலும் முடியாது, அது உண்மை. ஆனால் அங்கிருந்து இரண்டே வருடத்தில் 2022 கோப்பையை எடுத்ததையும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்ததையும் கட்டுரையாளர் ஏன் விட்டார் என்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். ஆட்டக்காரராக கெர் வாங்கிய ஐந்து கோப்பைகளும் சிகாகோவில் என்று படத்தின் கீழே போட்டிருக்கிறீர்கள். சிகாகோவோடு வாங்கியவை 1996, 1997, 1998 ஆகிய மூன்றுதான். 1999, 2003 இரண்டும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸோடு. அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை