போனில் கேட்க முடியாததை எழுதுகிறேன், அக்கா

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாம் நலமா? போன வாரம் பேசும்போது நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், அத்தானும் மருமகனும் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது, அதனால் கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் உன் போனை வீட்டில் எல்லோரும் எடுக்கிறார்கள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இங்கே பக்கத்துத் தெருவில் இருக்கும் தூத்துக்குடிக்காரர் செவ்வாய்க்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

முதலில் என் கதை. இரண்டு வருஷமாக எனக்கு என்ன நடந்தது என்று உன்னிடம் முழுசாகச் சொன்னதே இல்லை, "கொஞ்சம் முடியல" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவேன். 47 வயதில் ஆரம்பித்தது. முதலில் போனது தூக்கம். ராத்திரி இரண்டு மணி மூன்று மணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு காந்தல் கிளம்பும், கழுத்து, கன்னம், காது மடல் வரைக்கும் ஏறும், நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும், ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடும், அடங்கிய கையோடு குளிர் வெடவெடக்கும். ஜனவரி மாதம், வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், நான் ஜன்னலைத் திறந்துவைத்து நிற்பேன், இவர் இரண்டு போர்வைக்குள் சுருண்டு படுத்திருப்பார். அப்புறம் முழங்கால் வலி, விரல் மூட்டு வலி, காரணமில்லாத படபடப்பு. எதற்கெடுத்தாலும் எரிச்சல். பையன் ஒரு டம்ளரைக் கழுவாமல் வைத்தான் என்பதற்காக அவனை நான் பேசிய பேச்சு இன்னும் மனசில் உறுத்துகிறது.

குளிர் நாடு, வெயில் இல்லை, சொந்தம் இல்லை, அதனால்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டேன். மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் இருக்கும், அப்புறம் வந்து ஒன்பது நாள் கொட்டும். ஆனால் இதையும் அதையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை அக்கா. நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்ப்பது பள்ளிக்கூடச் சமையலறை, உனக்குத் தெரியும். முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு மஞ்சள் தட்டில் தனியாக எடுத்து வைப்போம். அன்றைக்குப் பாத்திரம் கழுவுகிற மெஷினைத் திறந்தேன், ஆவி முகத்தில் அடித்தது, அதே நேரம் உள்ளேயிருந்தும் அந்தச் சூடு கிளம்பியது. துடைத்துக்கொண்டு வந்து நின்றால் கையில் மஞ்சள் தட்டு இருக்கிறது, எதிரே வரிசையில் பிள்ளைகள், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று மனசில் ஒன்றுமே இல்லை. வெள்ளைப் பலகை துடைத்தது மாதிரி. தினமும் பார்க்கிற பிள்ளை அது. கூட இருந்தவள் தட்டை வாங்கிக் கொடுத்துவிட்டாள், தப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் குளிர் அறைக்குள் போய்ப் பால் டப்பாக்கள் நடுவில் நின்று அழுதுவிட்டேன். அவள் பின்னாலேயே வந்தாள். ஐம்பத்தெட்டு வயது வெள்ளைக்காரி. என் தோளைப் பிடித்து, "உனக்கு வயசு என்ன, கடைசியாக எப்போது வந்தது?" என்று நேராகக் கேட்டாள். அம்மாகூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

டாக்டரைப் பார்ப்பது இங்கே சுலபம் என்று நினைக்காதே. காலை எட்டு மணிக்குப் போன் போட்டு வரிசையில் காத்திருக்கணும், இடம் கிடைத்தால் உண்டு. முதல் தடவை பையனை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். பத்தொன்பது வயசுப் பிள்ளையிடம் எதைச் சொல்ல? "தூக்கம் இல்லை, அழுகை வருகிறது" என்று மட்டும் சொன்னேன், அவரும் மன அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் தின்றேன். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டாவது தடவை அந்தப் பள்ளிக்கூடத்துத் தோழிதான் சொன்னாள், தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று கேள், காசு கிடையாது என்று. டாக்டர் மேசையில் போன் இருந்தது, அதில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் குரல். "உங்களுக்கு மாதச் சுகயீனம் நிண்டு எவ்வளவு காலம் அம்மா?" என்று கேட்டார். எனக்கு ஒரு நொடி புரியவில்லை, புரிந்ததும் எல்லாம் கொட்டிவிட்டேன் அக்கா. முகம் தெரியாத ஒருத்தி, நம் மொழி, அது போதுமாக இருந்தது. ரத்தப் பரிசோதனைகூட எடுக்கவில்லை. 45 வயசுக்கு மேல் இந்த அறிகுறிகள் எல்லாம் இருந்தால் அதுவே போதும், இது மெனோபாஸுக்கு, அதாவது மாதவிலக்கு அடியோடு நிற்பதற்கு, முன்னால் வருகிற மாற்றம்தான் என்று டாக்டர் சொன்னார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சினைப்பையில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் ஒரே சீராகக் குறையாதாம், ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் குறையும். உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்கிற ஓர் இடம் மூளையில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அதற்குப் பொறுமை போய்விடும், துளி சூடு கூடினாலும் பெரிய சூடு என்று நினைத்து ரத்தக் குழாயை விரித்து வேர்க்க வைத்துவிடும். கடைசி மாதவிலக்கு வந்து பன்னிரண்டு மாதம் முழுசாக வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் ஆகிவிட்டது என்று கணக்கு. இந்தப் பன்னிரண்டு மாதக் கணக்கை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

எனக்கு ஒரு பேட்ச் கொடுத்தார்கள், ஈஸ்ட்ரோஜனைத் தோல் வழியாக உள்ளே விடுகிற ஒட்டு. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசு, கண்ணாடி மாதிரி இருக்கும், இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொள்ளணும், வாரத்துக்கு இரண்டு. அதோடு ராத்திரி படுக்கும்போது ப்ரொஜெஸ்டிரோன் என்கிற இன்னொரு ஹார்மோன் மாத்திரை. கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்தால் உள்சுவர் தடித்துவிடும், அதைத் தடுக்கத்தான் இது. முதல் மாதம் பேட்ச் ஒட்டவே இல்லை, ஓரம் சுருண்டு சுருண்டு விழுந்தது. அப்புறம்தான் புரிந்தது, நான் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன், எண்ணெய்ப் பிசுக்கில் அது நிற்காது. இப்போது தலைக்கு மட்டும் எண்ணெய் வைத்துக்கொண்டு இடுப்புக்கு வராமல் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாவது மாதம் முழு ராத்திரி தூங்கினேன். காலையில் எழுந்து மணியைப் பார்த்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே முருகா என்றேன்.

நானும் பயந்தேன். இந்த மருந்தால் புற்றுநோய் வரும் என்று நம் ஊரிலும் சொல்வார்கள் இல்லையா, 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து அந்தப் பயம். அதில் இருந்த பெண்களின் சராசரி வயதே 63 என்று டாக்டர் சொன்னார். மார்பகப் புற்றுநோய் ஆபத்து கொஞ்சம் கூடுவது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் 60 வயதுக்குள் ஆரம்பிக்கிற பெரும்பாலானவர்களுக்கு நன்மைதான் அதிகம், மாத்திரையில் இருக்கிற ரத்தக்கட்டு ஆபத்து தோலில் ஒட்டுகிறதில் கூடுவதில்லை என்றும் சொன்னார். எல்லோருக்கும் ஒத்துவராது, ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். காசும் பெரிசாக இல்லை, 2023 ஏப்ரலிலிருந்து இங்கே இந்த மருந்துக்கு மட்டும் தனியாக ஒரு வருஷச் சீட்டு வைத்திருக்கிறார்கள், 19 பவுண்டு 80 பென்ஸ் கட்டினால் வருஷம் முழுக்க அவ்வளவுதான்.

மருந்து மட்டும் இல்லை, சாயந்திரக் காப்பியை விட்டேன். அது உனக்குத் தெரிந்தால் நம்பமாட்டாய். ராகி மாவு இங்கே ஹை ஸ்ட்ரீட்டில் நம் கடையிலேயே கிடைக்கிறது, காலையில் கூழ். வெயில் இல்லாத ஊர் என்பதால் வைட்டமின் டி 10 மைக்ரோகிராம் தினமும். ஞாயிற்றுக்கிழமை வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்கிற பெரிய புல்வெளியில் ஒரு மணி நேரம் நடக்கிறேன், அங்கே நிற்கும்போது நம் வயக்காட்டு வரப்பு ஞாபகம் வரும்.

இதையெல்லாம் கேட்டபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு, நீ காலேஜ். மார்கழி மாசத்தில் பாயை உதறிவிட்டுப் பட்டாசல் வெறுந்தரையில், ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு அம்மா படுத்திருப்பாளே. அடுக்களையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். தொட்டதுக்கெல்லாம் கத்துவாள். அம்மாவுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று நாம் இரண்டு பேரும் மச்சில் உட்கார்ந்து அழுதோம். அவளுக்கு அப்போது 48 வயசு அக்கா. கிட்டத்தட்ட இப்போதைய என் வயசு. ஒருத்தரும் அவளிடம் என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. பின்னால் பாத்ரூமில் லேசாகத்தானே வழுக்கினாள், இடுப்பெலும்பு உடைந்து எழுந்திருக்கவே இல்லை. மாதவிலக்கு நின்ற முதல் சில வருஷங்களில்தான் எலும்பு வேகமாகத் தேயும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அந்தப் பாத்ரூம் வாசல்தான் கண்ணில் நின்றது.

இப்போது உன் விஷயம். அன்றைக்குப் போனில், கோயில் கொடைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, "திரும்பவும் ரெண்டு நாள் பட்டுச்சு, அதான் போகல, ஒண்ணுமில்லட்டி, சூடுதான், வெந்தயம் குடிச்சேன் நின்னுடுச்சு" என்றாய். உடனே பேச்சை மாற்றினாய். உனக்கு நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது அக்கா. பன்னிரண்டு மாதம் தாண்டினபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது மாதவிலக்கு இல்லை, சூடும் இல்லை, கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டியது. நின்றுவிட்டது என்பதால் சரியாகிவிட்டது என்றும் அர்த்தம் இல்லை.

பயப்படாதே. இப்படி வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது, உள்சுவர் மெலிந்து போனது, சின்னச் சதை வளர்ச்சி, இப்படி ஏதாவதுதான் இருக்கும். ஆனால் அந்தப் பத்தாவது ஆள் சீக்கிரம் டாக்டரிடம் போனால்தான் நன்றாகக் குணமாக முடியும், உனக்குச் சர்க்கரையும் இருக்கிறது, உடம்பும் கொஞ்சம் கனம், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து காலை ரயிலில் திருநெல்வேலி போய், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவில் பார். சின்னவளைக் கூட்டிக்கொண்டு போ, அவள் கூச்சப்படமாட்டாள். உள்ளே வைத்து ஸ்கேன் எடுப்பார்கள், கொஞ்சம் சங்கடமாக இருக்கும், வலிக்காது. கர்ப்பப்பை உள்சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள், 4க்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அதற்கு மேல் என்றால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த முடிவு வருவதற்கு முன்னால் யாராவது "வயசாயிடுச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று சொன்னால் சரி என்று சொல்லிவிடாதே, எனக்குப் போன் பண்ணு. நான் போடுகிற பேட்சும் உனக்கு இப்போது வேண்டாம், ரத்தம் ஏன் பட்டது என்று தெரியாமல் அதைத் தொடக்கூடாது. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்றாயே, அதையும் அங்கேயே சொல், அதுவும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம்.

தூத்துக்குடிக்காரரிடம் ஐயாயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அது இதற்கு மட்டும்தான். பேரனுக்குச் சட்டை வாங்கிவிடாதே, அதற்குத் தனியாக அனுப்புகிறேன்.

அடுத்த வியாழக்கிழமை உனக்கு மத்தியானம் ஒரு மணிக்கு, அத்தான் கடையில் இருக்கும் நேரம், போன் பண்ணுகிறேன். எனக்குக் காலை ஏழரை, வேலைக்குப் போகும் முன் பேசிவிடலாம். ஸ்பீக்கரில் போடாதே. என்றைக்குப் போகிறாய் என்று தேதியைச் சொல்.

உன் தங்கை