பனியின் வெள்ளை தாளின் வெள்ளையே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் ஓவியர் கவாஸே ஹசுய் தம் பனிக்காட்சிகளைத் தாமே மரத்தில் செதுக்கி, பனியை வெள்ளைச் சாயத்தால் அச்சிட்டார் என்ற வரியைத் திருத்த வேண்டும்.

முதலில் ஆள் கணக்கு. ஹசுய் வரைந்தார், செதுக்கியவர் வேறு, அச்சிட்டவர் வேறு. மூவரையும் இணைத்துப் பணம் போட்டவர் பதிப்பாளர் வதனபே ஷோஸாபுரோ. அந்தக் கூட்டுமுறையில் இயங்கியதுதான் 'ஷின் ஹாங்கா' (புதிய அச்சு) இயக்கம். தனிப் பட்டறை வைத்து, செதுக்குவோரையும் அச்சிடுவோரையும் நேரடியாக மேய்த்தவர் இன்னொரு ஓவியரான யோஷிதா ஹிரோஷி.

அடுத்து, பனி. கூரையிலும் மரக்கிளையிலும் படிந்திருக்கும் பனி பெரும்பாலும் அச்சே படாத தாள். காட்டு செர்ரிப் பலகையில் அந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். நிறம் சுற்றிலும் விழும், நடுவில் தாளின் வெள்ளை நிற்கும். பறக்கும் துகள்களில்தான் வேலை கடுமை. சிவப்புக் கோயில் வாயிலின் முன் விழும் ஒரு துகளுக்கு, அந்த இடத்தைத் தொடும் ஒவ்வொரு நிறப் பலகையிலும் அதே புள்ளியில் குழி வேண்டும். ஒரு பலகை அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் துகளின் ஓரத்தில் சிவப்போ சாம்பலோ எட்டிப்பார்க்கும். சிப்பிச் சுண்ணத்தைத் தூரிகையால் தெளிக்கும் முறையும் உண்டுதான். அது நிறத்தின் மேல் மேடாக உட்காரும், உரசினால் உதிரும்.

தாளை இடம் பிசகாமல் வைக்கப் பலகையிலேயே இரண்டு குறிகள் வெட்டியிருப்பார்கள்: மூலையில் 'ட' வடிவில் ஒன்று, நீளப் பக்கத்தில் நேர்க்கோடாக ஒன்று. குறி சரியாக இருந்தும் படம் கெடலாம். அச்சு முடியும்வரை தாள் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். இடையில் காய்ந்தால் சுருங்கும், அடுத்த நிறம் பொருந்தாது. டோக்கியோவின் ஸோஜோஜி கோயிலைக் காட்டும் ஹசுயின் 1953ஆம் ஆண்டு 'ஸோஜோஜியில் பனி' படத்துக்கு ஒரே தாளில் 42 முறை அச்சு. 42 தடவையும் அந்த ஈரத்தைக் காக்க வேண்டும் என்றால் யோசித்துப் பாருங்கள்!

தாளுக்கு முன்கூட்டியே பூசும் விலங்குப் பசையும் படிகாரமும் அளவு தப்பினாலும் வினைதான். குறைந்தால் நிறம் நார் வழியே பனிக்குள் கசியும். படிகாரம் கூடினால் அமிலத்தால் தாள் நாளடைவில் பழுத்துப்போகும். பழுப்பு முதலில் தெரிவது வானத்திலோ மரத்திலோ அல்ல, பனியில்.

கட்டுரையைப் படித்துப் பழைய அச்சு வாங்கக் கிளம்பும் வாசகர்களுக்கு: முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். தாளைத் திருப்பினால் நிறம் நாருக்குள் ஊறி ஓரளவு பின்னால் தெரிய வேண்டும். மூங்கில் மடல் சுற்றிய 'பாரென்' என்னும் தேய்ப்பு வட்டு தேய்த்த வட்டத் தடங்களும் பல தாள்களில் தென்படும். உருப்பெருக்கியில் சீரான சிறு புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் நகல். சட்டம் போடும்போது அமிலமற்ற அட்டை கேளுங்கள். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்