ரோஜா அத்தர் வாங்கப் போகும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

கல்யாணத்துக்கு ரோஜா வாசனை வேண்டும், ஆனால் மண்டப வாசலில் தெளிக்கிற பன்னீர் மாதிரி இருக்கக் கூடாது என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. ஒரே பூவிலிருந்து வந்தாலும் பன்னீர், ரோஜா எண்ணெய் இரண்டின் மணமும் வேறு. இதழை நீரோடு காய்ச்சி வடிக்கும்போது, ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற மணப்பொருள் பெரும்பாலும் நீரிலேயே கரைந்து நின்றுவிடும். பன்னீரின் குளுமையான மணம் அதுதான். மேலே மிதக்கும் எண்ணெயில் சிட்ரொனெல்லோல், ஜெரானியோல் என்ற மணப்பொருள்கள் தூக்கல்; தேன்போல இனித்து, லேசாகக் காரமடிக்கும். கூடவே டமாசெனோன் என்று இன்னொன்று, மிகச் சொற்ப அளவுதான். அது இல்லையென்றால் ரோஜாவே சப்பென்று போய்விடும். உனக்குப் பிடிக்கப்போவது இந்த எண்ணெய்வகைதான்.

ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும். அப்படியிருக்க, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் 20 ரிங்கிட் குப்பியில் ‘சுத்த ரோஜா’ என்று ஒட்டியிருந்தால் சிரித்துக்கொள். மட்டமென்று அர்த்தமில்லை, கலவை, அவ்வளவுதான். அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேசக் கன்னோஜ் ஊர் அத்தரே சந்தன எண்ணெயில் வடித்து இறக்குவதுதான். சந்தன விலை ஏறிய பிறகு அதிலும் பாரஃபின் எண்ணெய் கலப்பது சகஜமாகிவிட்டது.

அசல் எண்ணெய் குளிரில் ஊசி ஊசியாகக் கட்டும், உள்ளங்கைச் சூட்டில் இளகிவிடும். ஏர்கான் அறையில் அப்படிக் கட்டினால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதே. ஆனால் கட்டுவதை மட்டும் வைத்து அசல் என்று முடிவு கட்டவும் முடியாது. மெழுகு சேர்த்துக் கட்ட வைப்பவர்களும் உண்டு.

ஸ்ப்ரே வகையில் முதல் பத்து நிமிடம் லைச்சிப் பழமும் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகையும்தான் பேசும். கடைக்காரர் அதைக் காட்டித்தான் விற்பார். கையில் பூசிக்கொண்டு வெயிலில் ஒரு சுற்று நடந்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பார். நம் புழுக்கத்தில் மேல்மணம் சட்டென்று பறந்துவிடும். அடியில் சந்தனமோ, ஊது என்கிற அகிலோ, பச்சோலி இலை எண்ணெயோ இல்லாத ரோஜா, மதியத்துக்குள் சோப்பு வாசனையாகிவிடும். ஒரே தடவையில் மூன்றுக்கு மேல் முகராதே, மூக்கு மரத்துப்போகும்.

தலையில் மல்லிகைச் சரம் வைப்பாய்தானே? அதன் நெடிக்கு முன்னால் மென்மையான ரோஜா எடுபடாது, சந்தன அடி கனமாக உள்ளதை எடு. பட்டு கட்டுவதற்கு முன்பே காதுக்குப் பின்னாலும் முழங்கை மடிப்பிலும் தொட்டு வைத்து, காயவிட்டுப் பிறகு கட்டு. பட்டில் எண்ணெய் பட்டால் கறை லேசில் போகாது. 3 மில்லி குப்பி போதும். காரில் மட்டும் விட்டுவைக்காதே.

அன்புடன்,
அக்கா