பழைய விளையாட்டைத் திருத்துவது திருட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் கள்ளச் சிடி வியாபாரம் பற்றி வந்த கட்டுரையைப் பசியாறிக்கொண்டே படித்தேன். விற்பவர்களைப் பற்றி எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. பள்ளி நாளில் நானும் அப்படிப்பட்ட சிடிகளை வாங்கியிருக்கிறேன். அது தப்பு என்று இன்று தெரியும். ஆனால் கடைசிப் பத்தியில், பழைய கன்சோல் விளையாட்டுகளை மாற்றியமைத்து வீட்டிலேயே சிடியில் எழுதிக்கொள்பவர்களும் அதே களவுக் கும்பல்தான் என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கும்பலில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. 2004இல் சுங்கை ரோடு சந்தையில், தரையில் விரித்த சாக்கின் மேல் சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் என்ற விளையாட்டுக் கன்சோல் ஒன்று கிடந்தது. ஜப்பானிய இயந்திரம். அது 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டுச் சுவரில் வருவது 230. அதனால் ஒரு மின்மாற்றியும் தனியாக வாங்க வேண்டியிருந்தது. இயந்திரத்தோடு ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2’ அசல் டிஸ்க்கும் கிடைத்தது. அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். இயந்திரம் இன்னும் என் வீட்டில் ஓடுகிறது.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு கேப்காம் வெளியிட்ட சண்டை விளையாட்டு இது. மொத்தம் 56 பேர். ஆளுக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து மோதவிடலாம்; ஒரு பக்கம் கேப்காமின் ரியூ, எதிரே மார்வெலின் ஸ்பைடர்மேன். அமெரிக்காவில் நடக்கும் ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் 2010 வரை இதை ஆடினார்கள், அதுவும் பல ஆண்டுகள் இதே டிரீம்காஸ்டில். அதே ஈவோவில்தான் 2013இல் நம் சிங்கப்பூரின் ஷியான் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ வரிசையில் பட்டம் வென்றார்.

நானும் தம்பியும் வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்தால், அம்மா வந்து விளக்கை அணைக்கும்வரை எழுந்திருக்க மாட்டோம். அதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. மற்ற ஆட்டங்களில் என்னைப் புரட்டி எடுப்பவன், இருவரும் ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் தோற்றுப்போவான். சென்டினல் என்ற பெரிய இயந்திர மனிதன் எங்கள் இருவருக்கும் பிடித்த ஆள். இரண்டு சென்டினலும் பறந்து இடம் மாறியதும், என் ஆளைத் தன் ஆள் என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துவான். “உனக்குக் கவனமே இல்லைடா” என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். பிறகு தேசிய சேவைக்கான மருத்துவப் பரிசோதனையில், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தை அவனுக்குக் காட்டினார்கள். பல பக்கங்களில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பு, பச்சை நிறக்குருடு. வீட்டுக்கு வந்து சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

விளையாட்டைத் திறந்து பார்க்கும் எண்ணம் வந்தது அப்போதுதான். கைகூட சில ஆண்டுகள் ஆயின. சேகா பயன்படுத்திய ஜிடி-ரோம், சுமார் 1 ஜிபி கொள்ளும் தனி வகை டிஸ்க். கணினியில் இருக்கும் சாதாரண சிடி டிரைவ் அதன் உள்பக்கத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் படிக்கும். விளையாட்டு இருக்கும் அடர்த்தியான பகுதி அதன் கண்ணுக்கே தெரியாது. ஆகவே டிரீம்காஸ்டையே படிக்க வைக்க வேண்டும். 2012இல் அதன் பின்புற சீரியல் துளையில் செருகும் எஸ்டி அட்டை அடாப்டர் ஒன்றை வரவழைத்து, என் டிஸ்க்கை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பிரதி எடுத்தேன்.

இந்த விளையாட்டில் ஒவ்வோர் ஆளுக்கும் ஆறு நிறத் தோற்றங்கள். தேர்ந்தெடுக்கும்போது எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்த நிறத்தில் ஆள் வருவார். படம் ஒன்றுதான், நிறப்பட்டியல் மட்டும் மாறும். ஒரு பட்டியலில் 16 நிறங்கள், நிறத்துக்கு இரண்டு பைட். அந்த இரண்டு பைட்டுக்குள் நான்கு இலக்கங்கள்: முதலில் பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்க வேண்டும் என்பது, அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம். ஆக, ஒரு பட்டியலுக்கு 32 பைட். தம்பிக்காக நான் மாற்ற நினைத்தது இரண்டே பட்டியல்கள். அவன் கண்ணுக்கு நன்றாகப் பிரிந்து தெரிவது மஞ்சளும் நீலமும். ஒரு சென்டினலை மஞ்சளாக்கி இன்னொன்றை நீலமாக்கினால் போதும்.

இந்த எண் முறையில் 0 மிகச் சிறிய இலக்கம், எஃப் மிகப் பெரியது. முழு நீலத்துக்கு எஃப்-0-0-எஃப். அதை அப்படியே நேராக எழுதிவிட்டேன். டிரீம்காஸ்டில் இருக்கும் ஹிட்டாச்சி எஸ்எச்-4 செயலியோ இரண்டு பைட்டையும் பின்னிருந்து முன்னாகப் படிக்கும். அது படித்தது 0-எஃப்-எஃப்-0. முதல் இலக்கம் சுழி என்றால் அந்த இடத்தில் ஒன்றுமே தெரியாது. ஓடவிட்டுப் பார்த்தால், சென்டினலின் நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் பின்னாலிருந்த மேடை தெரிகிறது. தலையும் கால்களும் மட்டும் தனியே நடந்துவருகின்றன. பைட்டுகளை இடம் மாற்றி எழுதியதும் நெஞ்சு திரும்பி வந்தது.

சிடியில் எழுதுவதுதான் இதைவிடப் பெரிய பாடு. எழுதிய சிடியிலிருந்து டிரீம்காஸ்ட் துவங்குவதே சேகா தன் கையால் திறந்துவைத்த ஒரு கதவு வழியாகத்தான். பாட்டு சிடிக்குள் படமும் காட்சியும் சேர்த்துத் தர ‘மில்-சிடி’ என்று ஒரு வகையைக் கொண்டுவந்தார்கள். 2000இல் சிலர் அந்தக் கதவைக் கண்டுபிடித்துக் கள்ளப் பிரதிகளைக் கொட்டினார்கள். அந்த ஆண்டின் கடைசியில் வந்த இயந்திரங்களில் சேகா அதை அடைத்தது. 2001 ஜனவரி 31 அன்று டிரீம்காஸ்ட் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. கள்ளச் சிடி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அது செய்த கெடுதலை மறுக்கவும் மாட்டேன்.

என்னிடம் இருப்பது கதவு அடைபடாத பழைய இயந்திரம். அதற்கு சிடி எழுதும் முறை இதுதான். சிடியில் ஒரு தடவை எழுதி மூடும் பகுதி ஓர் அமர்வு; அதன் சிறு சிறு பிரிவுகள் செக்டர். முதல் அமர்வில் நான்கு நொடிக்குப் பாட்டுத்தடம், 302 செக்டர். அதை மூடி அடுத்த அமர்வைத் திறப்பதற்குள் 11,400 செக்டர் போய்விடும். ஆக, விளையாட்டு இருக்கும் தடம் 11,702இல் தொடங்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்வேன். தடத்தின் முதல் 16 செக்டரில் துவக்கக் கோப்பு. முதன்மை நிரல் கோப்பை மட்டும் வேண்டுமென்றே கலைத்து எழுத வேண்டும். சிடியிலிருந்து துவங்கும்போது இயந்திரம் அந்தக் கோப்பை ஒருமுறை மறுபடி அடுக்கும். ஒழுங்காக இருப்பதைக் கொடுத்தால் அதைக் குலைத்துவிடும். எனக்கு முதல் மூன்று சிடிகள் வீணாயின. இரண்டாவதில் சேகா சின்னம் வந்து கறுப்புத் திரையோடு நின்றது. நிரலைக் கலைக்க மறந்திருந்தேன். சிடியை உள்ளிருந்து வெளியேதான் எழுதும் என்பதால், வெறும் சுழிகள் நிரப்பிய பெரிய கோப்பு ஒன்றை முதலில் போட்டு, விளையாட்டை வெளிவிளிம்புக்குத் தள்ளினேன். அங்கே படிப்பது வேகம்.

நான்காவது சிடி ஓடியது. தம்பி சனிக்கிழமை வந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் கட்டுப்படுத்தியைக் கையில் கொடுத்தேன். அவனுக்கு மஞ்சள், எனக்கு நீலம். வரிசையாக ஐந்து ஆட்டம் என்னை அடித்தான். ஆறாவதுக்கு முன்னால், “அண்ணே, உன் ஆளு தனியாத் தெரியுதுண்ணே” என்றான்.

ஆசிரியர் அவர்களே, இதில் யாருடைய பொருள் களவு போயிற்று? அசல் டிஸ்க் என் அலமாரியில்தான் இருக்கிறது. கேட்கும் நண்பர்களுக்கு நான் விளையாட்டைக் கொடுப்பதில்லை. எந்த இடத்தில் எந்த பைட் மாற வேண்டும் என்பது மட்டும் அடங்கிய ஒட்டுக் கோப்பைத்தான் கொடுக்கிறேன். 1 கேபிகூட வராது. அசல் இல்லாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒரு காசு வாங்கியதும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2013 டிசம்பரில் இந்த விளையாட்டு பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் ஒரு தொகுப்பில் சேர்ந்து திரும்பி வரும்வரை, காசு கொடுத்து நேர்மையாக வாங்க நினைத்தவருக்கும் பழைய டிஸ்க்கைத் தேடுவதைத் தவிர வழி இல்லை. அந்த டிஸ்க்குகளோ கீறல் விழுந்தவை. படிக்கும் லென்சுக்கும் வயதாகிவிட்டது. திரும்பி வராத விளையாட்டுகள் இன்னும் எத்தனையோ. அவற்றைத் தம் டிஸ்க்கிலிருந்து பிரதி எடுத்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் என்னைப்போல வேலை முடிந்து வந்து இரவில் உட்காருகிறவர்கள்தான்.

கட்டுரையாளர் கள்ள வியாபாரிகளை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதட்டும், நானும் கூட நிற்பேன். அந்தக் கடைசிப் பத்தியின் ஒரு வரியை மட்டும் இணையப் பதிப்பிலாவது திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தம்பியும் உங்கள் வாசகன்தான். அந்தக் கட்டுரையை அவனும் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுப் பேசினான்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்