நெல்லை மாவட்ட மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களே, வணக்கம்.

பாளையங்கோட்டையில் கல்யாணச் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்து வருகிறேன். என்னிடம் வேலைக்கு வரும் பையன்களில் பிளஸ் டூ முடித்தவர்கள் உண்டு. கேட்டரிங் படிக்க ஆசைதான் என்பார்கள். ஏன் சேரவில்லை என்று கேட்டால், "எங்களுக்கு யாரும் சொல்லலையே அண்ணாச்சி" என்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அரசு ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே மூன்று ஆண்டு பி.எஸ்சி. படிக்க, பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் போதும். ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்து தேறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதோடு அகில இந்திய நுழைவுத் தேர்வு ஒன்று உண்டு. சிக்கல் அங்கேதான். அதற்கு விண்ணப்பிக்கும் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். "ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த வருடத் தேர்வு போச்சு.

கேள்வித்தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். மானூரிலோ களக்காட்டிலோ தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை இதை மார்ச் மாதம் கேள்விப்பட்டு என்ன செய்ய முடியும்? பிளஸ் ஒன்னிலேயே தெரிந்தால், ஆங்கிலம் வாசித்துப் பழக இரண்டு வருடம் கிடைக்கும். பத்தாம் வகுப்போடு நிற்கிற பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ.யில் உணவுத் தயாரிப்புக்கென்றே ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. படிப்பு ஏறாதவன் சமையலுக்குப் போகட்டும் என்ற பேச்சு நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. சொதிக் குழம்புக்கு முதல் தேங்காய்ப் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்று நம் தவசுப்பிள்ளைகளுக்கு, அதாவது கல்யாணச் சமையல்காரர்களுக்கு, கைப் பழக்கத்திலேயே தெரியும். ஏன் திரிகிறது என்று தெரிந்தவனால்தான் புது அடுப்பிலும் புது ஊரிலும் அதைச் சரியாக வைக்க முடியும். அது வேதியியல். பேக்கரியில் மாவை நூறு என்று வைத்து, தண்ணீர், ஈஸ்ட், உப்பு எல்லாவற்றையும் அதற்குச் சதவீதமாகத்தான் கணக்கிடுவார்கள். ஒரு இலைக்கு என்ன விலை விழும் என்பதும் கணக்குத்தான். அது பிடிபடாமல் ஆர்டர் பேசி, கைக்காசைப் போட்டு ஈடுகட்டிய நல்ல கைமணக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். பாடத்தில் கெட்டியாக இருக்கிற பிள்ளை சமையல் படிக்கிறேன் என்று சொன்னால், தயவுசெய்து மனதைக் கலைக்காதீர்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அரையாண்டுத் தேர்வு சமயத்தில், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நுழைவுத் தேர்வு விவரத்தை ஒரு முறை சொல்லுங்கள். விண்ணப்பம் போட யாராவது ஒரு ஆசிரியர் கூட இருந்து உதவட்டும். சமையல் வேலை எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கு நேரில் சொல்ல ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். மார்கழியில் எங்களுக்கு முகூர்த்தம் கிடையாது. எந்த ஊர்ப் பள்ளி என்றாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சமையல்காரர்