திட்டத்துக்குப் பணம் ஒதுக்குகிறீர்கள், அதை விளக்கிச் சொல்லவும் ஒதுக்குங்கள்

தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சுக்கும் விவசாயம், உணவு உத்தரவாத அமைச்சுக்கும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

அடுத்த பட்ஜெட்டில் ஒரு சிறு தொகை கேட்டு இதை எழுதுகிறேன். மானியத்தைக் கூட்டச் சொல்லவில்லை. நீங்கள் ஏற்கெனவே போட்டிருக்கும் திட்டங்களை எங்கள் ஊருக்கே வந்து, தமிழில் விளக்கிச் சொல்வதற்கென்று தனியாக ஒரு நிதி வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பலர் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு, கையிலிருந்த சேமிப்பைப் போட்டு இரண்டு மூன்று ஏக்கர் வாங்கி ரப்பரோ செம்பனையோ வைத்திருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். பால் வெட்டவும் குலை அறுக்கவும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் இன்று மரத்தைப் பார்த்துக்கொண்டால் மட்டும் போதாது, விண்ணப்பப் பாரங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கேதான் தடுமாறுகிறோம்.

ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் தொடங்கிய திட்டம். விலை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் அந்த வித்தியாசத்தை அரசாங்கம் கொடுக்கும். 2024 பட்ஜெட்டில் அந்த மட்டத்தைக் கிலோவுக்கு 2.70 ரிங்கிட்டிலிருந்து 3 ரிங்கிட்டாக உயர்த்தினீர்கள். மனதார நன்றி சொல்கிறோம். ஆனால் ரப்பர் விற்பதற்கு ரப்பர் வாரியம் கொடுக்கும் 'பாட்-ஜி' அனுமதி அட்டையும் விற்ற ரசீதும் இல்லாவிட்டால் அந்தப் பணத்தைக் கேட்கவே முடியாது. சொந்த நிலம் இல்லாமல் பால் வெட்டுக்கு மட்டும் போகிறவரும் அட்டை எடுக்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமலே கட்டிப்பாலை, அதாவது உறைந்த ரப்பர் பாலை, விற்றுவிட்டு, ரசீதைக் கசக்கி எறிந்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்க்கிறேன்.

செம்பனையிலும் இதே கதைதான். நிலைத்தன்மையோடு செம்பனை பயிரிடுகிறோம் என்பதற்கான மலேசியாவின் எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். சிறுதோட்டக்காரர்களைக் குழுவாகச் சேர்த்து அரசாங்கச் செலவிலேயே சான்றிதழ் வாங்கித் தருகிறது செம்பனை எண்ணெய் வாரியம். சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லவென்றே வாரியத்தின் 'துனாஸ்' அதிகாரிகள் இருக்கிறார்கள். அப்படியிருந்தும், 'அதற்குப் பெரிய பணம் கட்ட வேண்டுமாம்' என்று யாரோ சொன்னதை நம்பி ஒதுங்கி நிற்பவர்கள் இங்கே உண்டு.

எல்லாவற்றையும்விட அதிகப் பயத்தைக் கிளப்பியிருப்பது ஐரோப்பாவின் காடழிப்புத் தடுப்புச் சட்டம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த செம்பனையோ ரப்பரோ அங்கே நுழையக்கூடாது, விளைந்த இடம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும் என்கிறது 2023-இல் நிறைவேறிய அந்தச் சட்டம். அமலாக்கத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டிருக்கிறார்கள். இதற்கிடையில் செம்பனைக் காய் வாங்குகிறவர் நிலத்தின் இருப்பிடத்தைக் கேட்கிறார். "தம்பி, இதைக் கொடுத்தா நிலம் போயிடாதே?" என்று எங்கள் கிராமத்தில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். நான்கு ஹெக்டருக்குள், அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கருக்குள் இருக்கும் நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளியைக் குறித்துக் கொடுத்தால் போதும், அதைக் கொடுப்பதால் நிலம் கைவிட்டுப் போகாது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. சொல்லத்தான் ஆள் வரவில்லை.

விளக்கக் கூட்டமே நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஓர் அலுவலகம் இங்கே கூட்டம் நடத்தியது. திரையில் சுருக்கெழுத்துகளும் சட்டப் பிரிவு எண்களும் வரிசையாக ஓடின. எங்கள் பெரியவர்களுக்கு மலாய் தெரியும், சந்தையிலும் கிளினிக்கிலும் மலாயில்தான் பேசுகிறார்கள். ஆனால் சட்ட மொழி யாருக்கும் சுலபமில்லை, ஒரே மூச்சில் வாசித்துவிட்டால் படித்தவனுக்கும் புரியாது. வந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், பொட்டலச் சோற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கேள்வி நேரம் என்று ஒன்று இருக்கவே இல்லை. அந்தக் கூட்டத்துக்கும் பொதுப்பணம்தானே செலவானது?

சட்டத்தை அனுப்பிய ஐரோப்பாவையே பாருங்கள். 1962 முதல் அவர்களுக்குப் பொது விவசாயக் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கொள்கையை விவசாயிகளுக்கும் சாதாரண மக்களுக்கும் விளக்குவதற்குப் பணம் தரலாம் என்று அவர்களுடைய சட்டத்திலேயே ஒரு பிரிவு உண்டு. அந்தப் பணத்துக்குச் செய்தி நிறுவனங்கள், விவசாயிகள் சங்கங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் விண்ணப்பம் போடலாம். செலவில் 60 விழுக்காடு வரை ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும், மீதியை விண்ணப்பித்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுக்கும் தகவல் முரணில்லாமலும், பக்கம் சாயாமலும், முழுமையாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம் வைத்த நிபந்தனை. இதனால் அங்கே எல்லாரும் திருப்தியாகிவிட்டார்கள் என்றில்லை. 2024 தொடக்கத்தில் அவர்களுடைய விவசாயிகள் டிராக்டர்களோடு பிரசல்ஸ் வரை போய்ப் போராடினார்கள். பரவாயில்லை, எதை எதிர்க்கிறோம் என்று தெரிந்து எதிர்க்கிறவனோடு பேசித் தீர்க்க முடியும். இங்கே எதை ஏற்பது, எதை எதிர்ப்பது என்றே தெரியாமல் இருக்கிறோம்.

நிலம் இல்லாதவர்களுக்கும் இது வேண்டும். 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏறியது. உள்நாட்டு அரிசிக்குக் கிலோ 2.60 ரிங்கிட் என்று உச்சவரம்பு இருந்ததால் எல்லாரும் அதைத் தேடிப் போனார்கள். கடையில் அரிசி காணாமல் போனது. இந்தியா அந்த ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டதற்கும் எங்கள் ஊர்க் கடையில் பத்துக் கிலோ மூட்டை கிடைக்காததற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் வந்து விளக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததைத்தான் மக்கள் நம்பினார்கள்.

இதற்கு முன்னுதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, தொழிலாளிகள் வேலையையும் வீட்டையும் இழந்துகொண்டிருந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். பங்கு என்றால் என்ன, மாதம் பத்து வெள்ளி எதற்கு, அந்தப் பணம் எங்கே போகும் என்று பால்வெட்டுத் தொழிலாளிக்குத் தமிழில் விளக்கினார். அப்படிச் சேர்ந்த காசில்தான் கெடாவில் முதல் தோட்டத்தை வாங்கினார்கள். கூலிக்காரர்களுக்கு நிதி விவகாரம் புரியாது என்று அவர் நினைத்திருந்தால் அந்தச் சங்கம் எழுந்திருக்காது.

சரி, நாங்கள் கேட்கும் நிதி எப்படி இருக்க வேண்டும்? அமைச்சின் விளம்பரச் செலவோடு அதைக் கலக்காதீர்கள். கூட்டுறவுச் சங்கங்கள், தமிழ்ப் பத்திரிகைகள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்கள் விண்ணப்பித்துப் பெறும் சிறு மானியங்களாகக் கொடுங்கள். அரசாங்கத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மில் நேரம் ஒதுக்கினால் அது சாயங்காலமாக இருக்கட்டும், காலையில் நாங்கள் மரத்தடியில் இருப்போம். எந்த அரசியல்வாதியின் படமும் வேண்டாம். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணாமல், கூட்டத்துக்குப் பிறகு எத்தனை பேர் அட்டை எடுத்தார்கள், செம்பனை விற்கும் உரிமத்தைப் புதுப்பித்தார்கள் என்று கணக்குப் பாருங்கள். பாதகத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 பட்ஜெட்டில் வந்த செம்பனை மறுநடவுத் திட்டம் பாதி மானியம், பாதி கடன். புதுக்கன்று காய்க்க இரண்டரை, மூன்று வருஷம் ஆகும், அதுவரை வருமானம் இல்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது விளக்கம்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். செம்பனை எண்ணெய் டன் ஒவ்வொன்றுக்கும் செஸ் என்ற தனி வரி வசூலிக்கப்படுகிறது. எங்கள் குலையிலிருந்து பிழிந்த எண்ணெயும் அதில் இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கை இதற்குத் திருப்புங்கள்.

பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் வருகிறது. இங்கே பலருடைய செம்பனைக்கு இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. வெட்டி மறுநடவு செய்யலாமா, இன்னும் சில வருஷம் ஓட்டலாமா என்று அவர்கள் இப்போதே முடிவெடுக்க வேண்டும். அதனால் முதல் கூட்டத்தைப் பட்ஜெட்டுக்குக் காத்திராமல் இங்கே வையுங்கள். மண்டபம், நாற்காலி, தேநீர் எல்லாம் எங்கள் பொறுப்பு. மறுநடவுக் கடனைப் பற்றிக் கேட்டால் அங்கேயே பதில் சொல்லக்கூடிய ஓர் அதிகாரியையும், தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவரையும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் சிறுதோட்டக்காரர்களில் ஒருவன்